முன் தண்டில் இடப்பக்கம்

எங்கள் ஊர்ப் பெருமாளை மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடலுக்குக் கொண்டுபோய் நீராட்டுவது வழக்கம். ஊர் கடலிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது, திருக்கழுக்குன்றம் சாலையை விட்டுப் பிரிகிற ஒரு வண்டிப் பாதையில். கடற்கரைச் சவுக்குத்தோப்பு வரைக்கும் சுவாமி மாட்டு வண்டியில் வருவார். அதற்கப்புறம் மணல். சக்கரம் புதைந்துவிடும் என்பதால் அங்கிருந்து தண்ணீர் வரைக்கும் ஆள்கள்தான் தூக்க வேண்டும். சுவாமியை வைத்துத் தூக்கும் அந்த மேடைக்குத் தோளுக்கினியான் என்று பெயர். பெயர் வைத்தவர் ஒரு நாளும் அதன் அடியில் நின்றிருக்க மாட்டார் என்பது என் அபிப்பிராயம்.

மேடைக்கு இரண்டு பக்கமும் நீளமான இரண்டு தண்டுகள். ஒவ்வொரு தண்டிலும் முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர். எந்த இடம் எந்த வீட்டுக்கு என்பது யாரும் எழுதி வைக்காத ஏற்பாடு. ஆனால் யாரும் மறக்காத ஏற்பாடு. முன் தண்டில், அதாவது தண்டின் முன்பாதியில், இடப்பக்கம் முதல் ஆள் எங்கள் வீடு. வீட்டிலிருந்து ஆள் வராவிட்டால் இடம் அடுத்த வீட்டுக்குப் போய்விடும், போனது திரும்பாது. அப்படி இடத்தை விட்டவர்கள் எங்கள் ஊரில் இருந்தார்கள். சுவாமிக்குப் பின்னால் கும்பலோடு கும்பலாகக் கையை வீசிக்கொண்டு வருவார்கள். அவர்களை யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். அதுதான் அவர்களுக்குப் பொறுக்காது என்று நினைக்கிறேன்.

என் நைனா கிணற்றுமேட்டில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டது நான் வேலைக்குப் போய்க் கல்யாணமும் ஆன பிறகு. கட்டுப் போட்டு, எண்ணெய் போட்டு, கடைசியில் ஒரு கைத்தடியோடு எழுந்து நடந்தார். நடந்த அன்றைக்கே என்னைக் கூப்பிட்டார்.

"இன்னிமே நீதாண்டா தூக்கணும். வேற ஆரு கீறாங்க நம்ம வூட்ல?"

வேறு யாரும் இல்லைதான். ஒரே பிள்ளை. அந்த ஒரே பிள்ளை செங்கல்பட்டில் கோர்ட்டில் நகல் எழுதும் குமாஸ்தா. சட்டையைக் கழற்றினால் விலா எலும்பை எண்ணிவிடலாம். அதுவரை நான் தூக்கியதில் பெரிய பாரம் கேஸ் கட்டுகள்தான். அதையும் பாதி நாள் சேவகர் எடுத்து வந்து மேசையில் வைத்துவிடுவார். ஆனாலும் நைனாவிடம் சரி என்று சொன்னேன். தூக்குவது என்றால் என்ன, எட்டுப் பேர் சேர்ந்து தூக்குகிறார்கள், எட்டில் ஒருவனாக நடந்தால் முடிந்தது என்று கணக்குப் போட்டேன்.

சித்திரைத் திருவிழாவில் அந்தக் கணக்கு தப்பென்று தெரிந்தது. ஊருக்குள்ளேயே நாலு தெரு சுற்றி வருகிற சின்னப் புறப்பாடு. எனக்குப் பின்னால் நின்றவர் எனக்குப் பெரியப்பா முறை, நைனாவின் கூட்டாளி. நைனாவும் அவரும் ஒரே உயரம், அதனால்தான் அத்தனை வருஷமாக ஜோடி. நான் அம்மாவைக் கொண்டு பிறந்தவன். பெரியப்பாவைவிட நாலு விரல் குட்டை. குட்டையான ஆளின் தோளில் துண்டை நன்றாகத் தடித்த மடிப்பாக மடித்துச் சும்மாடு வைப்பார்கள். அப்போதுதான் தண்டு எல்லார் தோளிலும் ஒரே மட்டத்தில் உட்காரும். பெரியப்பாதான் எனக்குச் சும்மாடு வைத்துக் கட்டினார்.

"கோவிந்தா" என்று எழுப்பினார்கள். தண்டு தோளில் இறங்கியது. மூச்சு நின்றுவிட்டது எனக்கு. முதல் தெரு எப்படியோ போய்விட்டது. இரண்டாவது தெரு முனையில் திரும்பும்போது என் இடது முழங்கால் மடங்கியது. நான் மடக்கவில்லை, அதுவாக மடங்கியது. சுவாமி என் பக்கமாகச் சாய்ந்தார். மாலை ஒன்று நழுவித் தெருவில் விழுந்தது. பொம்பளைகள் "ஐயோ பெருமாளே" என்று அலறினார்கள். பெரியப்பா இரண்டு கையாலும் தண்டை ஏந்தி ஒரே தம்மில் மேலே தூக்கிவிட்டார். யாரோ என்னைக் கையைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டு, அந்த இடத்தில் தான் தோள் கொடுத்தார்கள். புறப்பாடு போய்விட்டது. கையில் சும்மாட்டோடு நடுத்தெருவில் நான் நின்றேன்.

நைனா எங்கள் வாசலில் தடியை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. கீழே விழுந்த மாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு மத்தியான பஸ்ஸிலேயே செங்கல்பட்டுக்கு வந்துவிட்டேன். பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் மூட்டை சுமக்கும் கூலிக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் பிடரியைப் பார்க்கக்கூட எனக்குக் கூச்சமாக இருந்தது.

திருவிழாவில் சறுக்கினவனை ஊர் ஒரு தடவை மன்னிக்கும். மாசி மகத்தில் சறுக்கினால் இடம் போய்விடும். அது எனக்கும் தெரியும், நைனாவுக்கும் தெரியும். அதனால் தேகப்பயிற்சி செய்வது என்று முடிவு கட்டினேன். பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியார் சொல்லிக்கொடுத்த தண்டாலும் பஸ்கியும் ஞாபகம் இருந்தன. அப்போது அவற்றிலிருந்து தப்பிக்கச் செய்த தந்திரங்கள் இன்னும் நன்றாக ஞாபகம் இருந்தன.

நாங்கள் குடியிருந்தது பல குடித்தனங்கள் சேர்ந்து வசிக்கும் ஒரு வளவு. நடுவில் முற்றம், எல்லாருக்கும் பொதுவான கிணறு. எங்கள் பாகத்தில் ஒரு ஆள் நீட்டிப் படுத்தால் அடுப்பில் கால் படும். தண்டால் எடுப்பதென்றால் முற்றத்துக்குத்தான் வர வேண்டும். முதல் நாள் விடிகிறபோது வந்து எடுத்தேன். தண்ணீர் சேந்த வந்த எதிர்வீட்டு அம்மாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என் மனைவியிடம் போய் விசாரித்தாள்.

"இன்னாம்மா, உங்க வூட்டுக்காரருக்கு வவுறு நோவா? தரையில வுயுந்து வுயுந்து எய்ந்துகினு கீறாரே!"

வளவு முழுக்கச் சிரித்தது. நான் துண்டை எடுத்துப் போர்த்திக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். என் மனைவி அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள்: "ரெண்டு பேரு சிரிச்சா வுட்டுடுவீங்களா? அப்ப அன்னிக்கு ஊரே பாத்துதே, அதுக்கு இன்னா பண்ணுவீங்க?"

சரியான கேள்விதான். ஆனால் சரியான கேள்விக்குப் பதில் செயலில் காட்ட வேண்டுமே! நான் சில நாள் செய்தேன், பல நாள் விட்டேன். உடம்பு வலி என்று ஒரு நாள். உடம்பு வலி போகட்டும் என்று மறுநாள். மழைத் தூறல். விரதம். ராத்திரி சரியாகத் தூக்கம் இல்லை. எதிர்வீட்டு அம்மாள் கிணற்றடியில் நிற்கிறாள். இப்படி ஒவ்வொரு நாளும் ஒரு நியாயம் எனக்கு முன்பே எழுந்து உட்கார்ந்திருக்கும். செய்கிற நாளில் மற்றவர்கள் பார்ப்பது வெட்கம், செய்யாத நாளில் மனைவி பார்ப்பது வெட்கம். இரண்டுக்கும் நடுவில் பாயில் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுநடுவே கையை மடக்கிப் புஜத்தைத் தொட்டுப் பார்த்து, பரவாயில்லை, கொஞ்சம் கல்லாகத்தான் இருக்கிறது என்று தேற்றிக்கொள்வேன். வெறும் எலும்புதான் கையில் தட்டுப்பட்டிருக்கும்.

இப்படியே ஐப்பசி வந்துவிட்டது. ஒரு நாள் பெரியப்பா ஏதோ நிலத் தகராறில் சாட்சி சொல்லக் கோர்ட்டுக்கு வந்தார். வேலை முடிந்ததும் வீட்டுக்கு அழைத்து வந்தேன். சாப்பிட்டார், மோர் குடித்தார், ஊர்க் கதை பேசினார். என் தோளை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க அவர் எடுத்துக்கொண்ட பிரயாசை எனக்குத் தெரிந்தது. புறப்படும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"உங்க நைனா தெனமும் கோயிலாண்ட போயி தண்டுக்கு வெளக்கெண்ண தேச்சிகினு கீறாரு. எம்புள்ள தோள்ல சிராய் ஏறக்கூடாதாம். தடிய ஊணிகினு, ஒத்தக் கையால தேய்க்கிறாரு, பாவம்."

குத்திக் காட்ட வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கோபமாவது வந்திருக்கும். அவரை பஸ் ஏற்றிவிட்டு ஏரிக்கரை ஓரமாகத் திரும்பி வந்தேன். வருகிற வழியெல்லாம் எனக்கு உடம்பு கூசியது. நான் பாயில் புரண்ட காலையெல்லாம் அந்த மனுஷர் உடைந்த இடுப்போடு நின்று ஒரு மரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறார், ஒரு நாளும் முதுகு வியர்க்காத பிள்ளைக்காக.

மறுநாளிலிருந்து விடாமல் செய்தேன். ஊக்கம் எங்கிருந்து வருகிறது என்று பிற்காலத்தில் பலர் பல விதமாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு வந்தது வெட்கத்திலிருந்துதான். வேறு எதுவும் என்னைப் பாயிலிருந்து கிளப்பவில்லை. கிணற்றடியில் யார் நின்றாலும் தண்டால் எடுத்தேன். ஆட்டுக்கல் குழவியைச் சாக்கில் கட்டி இடது தோளில் வைத்துக்கொண்டு முற்றத்தைச் சுற்றினேன். குழவி போதாமல் போனபோது அதோடு செங்கல்லையும் போட்டுக்கொண்டேன். எதிர்வீட்டு அம்மாள், "இட்டிலிக்கு அரைக்கணும், கொயவிய சீக்கிரம் எறக்கு நைனா" என்றாள். நானும் சிரித்துவிட்டேன்.

மாசி மகம் வந்தது. முதல் நாள் சாயங்காலமே ஊரிலிருந்து வண்டிகள் புறப்பட்டு, விடிகிற சமயம் சவுக்குத்தோப்பை அடைந்தன. கரை கொள்ளாத கூட்டம். மணலில் இருளர் குடும்பங்கள் புடவையை வளைத்துக் கட்டிக் குடிசை போட்டிருந்தார்கள், உள்ளே கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பெருமாளை வண்டியிலிருந்து இறக்கித் தோளுக்கினியானில் எழுந்தருளச் செய்தார்கள். நான் சட்டையைக் கழற்றி இடுப்பில் சுற்றிக்கொண்டு என் இடத்தில் போய் நின்றேன்.

நைனா வண்டியிலிருந்து இறங்கித் தடியை ஊன்றி வந்தார். தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து ஒரே மடிப்பாக மடித்து என் தோளில் போட்டார்.

"சும்மாடு?" என்றேன்.

"எதுக்குடா? ஒடம்புதான் தேறிப்போச்சே. இதுவே போதும்" என்றார்.

எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. நைனா என் உடம்பைப் பார்த்துவிட்டார், தேறிவிட்டது என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டார்! எழுப்பினார்கள். தண்டு தோளில் உட்கார்ந்தது. சித்திரையில் அமுக்கிய மாதிரி அமுக்கவில்லை. ஒரு பையன் கையை வைத்தாற்போல இருந்தது. குழவிக்கும் செங்கல்லுக்கும் மனசுக்குள் கும்பிடு போட்டேன். மணலில் கால் புதைந்தாலும் எனக்குத் தள்ளாட்டம் இல்லை. பின்னால் பெரியப்பா புஸ்ஸு புஸ்ஸென்று மூச்சு விடுவது கேட்டது. வயசாகிறது அவருக்கு என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு திமிர் பாருங்கள். "கோவிந்தா" என்று எல்லாரையும்விட உரக்கக் கத்தியது நான்தான்.

தண்ணீரில் சுவாமிக்குத் தீர்த்தவாரி நடந்ததும், தூக்கியவர்களும் முழுக்குப் போடுவது முறை. எல்லாரும் கடலில் இறங்கினோம். முதல் அலை தோளுக்கு மேல் ஏறியது. சுற்றிலும் "ஸ்ஸ்... அம்மா" என்று ஒரே சத்தம். தண்டு உராய்ந்து தோல் வழன்ற இடத்தில் உப்புத் தண்ணீர் பட்டால் நெருப்பு வைத்த மாதிரி எரியும். அந்த எரிச்சலில் ஆள்கள் குதித்தார்கள், ஒருவரை ஒருவர் கேலி செய்துகொண்டார்கள், "இன்னா, கல்யாண வூட்டுச் சந்தனமா?" என்று தண்ணீரை வாரி அடித்துக்கொண்டார்கள். வருஷா வருஷம் நடக்கிற கூத்து அது.

எனக்கு எரியவில்லை.

இன்னொரு தடவை முழுகினேன். எரியவில்லை. தோளைத் தடவிப் பார்த்தேன். வழவழவென்று, காலையில் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. பக்கத்தில் பெரியப்பா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். அவர் தோளில் என் உள்ளங்கை அளவுக்குத் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. மற்றவர்கள் யாருக்கும் அவ்வளவு இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாலு விரல் குட்டையானவன் தோளில் ஒற்றை மடிப்புத் துண்டைப் போட்டால் பின்னால் நிற்கும் உயரமானவர்தான் தண்டைத் தாங்குவார். முன்னால் இருப்பவன் தோளை அது சும்மா தடவிக்கொண்டு போகும், அவ்வளவுதான். கடல் வரைக்கும் நான் தூக்கவே இல்லை. என் பங்கையும் சேர்த்து அவர்தான் தூக்கினார்.

"பெரிப்பா..." என்றேன்.

அவர் கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வுடுடா. உங்க நைனா வந்து கேட்டுகினாரு. எடம் வூட்டை வுட்டுப் போவக்கூடாதில்ல? இன்னா இப்ப, ஒரு வருசம்தானே."

நனைந்த துண்டை எடுத்து இடது தோளில் போட்டு மூடிக்கொண்டேன். புண்ணை மறைக்க அல்ல, புண் இல்லாததை மறைக்க. கரைக்கு வந்தேன். நைனா வண்டியில் உட்கார்ந்து யார் யாரிடமோ, "எம்புள்ளதான் முன்னாடி, பாத்தீங்களா?" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் வந்ததும் துண்டுக்கு மேலேயே என் தோளில் மெல்ல, நோகுமோ என்று பயந்தவர் மாதிரி, கையை வைத்தார். அந்தக் கையின் அடியில் நிற்பதைவிட நடுத்தெருவில் விழுந்ததே எவ்வளவோ மேல் என்று தோன்றியது. அப்படியே மணலுக்குள் போய்விடலாம் போல இருந்தது. அவர் என்னை ஏமாற்றவில்லை. என்னால் முடியாது என்று தெரிந்துகொண்டு, அது எனக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டார். அதுதான் என்னைச் சுட்டது.

அதற்கப்புறம் வந்த வருஷத்தில் என்னை யாரும் எழுப்ப வேண்டியிருக்கவில்லை. மழையோ, விரதமோ, காய்ச்சலோ, விடிந்தால் முற்றத்தில் இருந்தேன். வளவுக்காரர்கள் கேலி செய்து சலித்து, பிறகு நான் இருப்பதையே மறந்து, என்னைச் சுற்றிக் கோலம் போட்டார்கள். குழவி போய் எங்கிருந்தோ ஒரு உடைந்த அம்மிக்கல் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி மாமல்லபுரம் போய், அம்மியைச் சாக்கில் கட்டிச் சுமந்துகொண்டு, சவுக்குத்தோப்பிலிருந்து தண்ணீர் வரை மணலில் நடந்தேன். வலை உலர்த்துகிறவர்கள் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். என் மனைவி தன் பழைய புடவைகளைக் கிழித்து அடுக்கி, கெட்டியாகத் தையல் போட்டு, ஒரு சும்மாடு தைத்துக் கொடுத்தாள். நாலு விரல் தடிப்பு போதுமா என்று கேட்டாள். "இன்னும் ஒரு விரல் ஏத்து" என்றேன். ஒரு வருஷத்துப் பாக்கி இருந்தது அல்லவா?

மறு மாசி மகத்தில் நைனா துண்டை மடிக்க வருவதற்குள் என் சும்மாட்டைத் தோளில் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் அதைப் பார்த்தார், துண்டைத் தன் தோளிலேயே போட்டுக்கொண்டார். எழுப்பினார்கள். இந்தத் தடவை பாரம் வந்தது. என் பங்கும் பெரியப்பாவின் பங்கும் சேர்ந்து கழுத்தெலும்பில் இறங்கியது. கண்ணில் பூச்சி பறந்தது. முழங்கால் நடுங்கியது, ஆனால் மடங்கவில்லை. மணல் உள்ளே இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு காலைப் பிடுங்கிப் பிடுங்கி வைத்தேன். "கோவிந்தா" சொல்ல எனக்கு மூச்சு இல்லை. பின்னால் பெரியப்பாவின் மூச்சுச் சத்தம் கேட்கவே இல்லை.

கடலில் இறங்கினேன். முதல் அலை தோளில் ஏறியது. எரிந்தது! உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. நான் ஊளையிட்டுக் குதித்தேன். சிரித்தேன், அழுதேன் என்றும் சொல்லலாம். யாரோ என் மேல் தண்ணீரை வாரி அடித்தார்கள், நானும் அடித்தேன். எட்டுப் பேரில் ஒருவனாகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு, கேலி செய்யலாம் என்று பெரியப்பா பக்கம் திரும்பினேன்.

அவர் இடுப்பளவு தண்ணீரில் தனியாக நின்றிருந்தார். இடது தோளில் தண்ணீரை அள்ளி ஊற்றினார். தடவிப் பார்த்தார். மறுபடியும் ஊற்றினார். பிறகு என் தோளைப் பார்த்தார், அதில் வழிகிற ரத்தத்தைப் பார்த்தார். நனைந்த துண்டை எடுத்துத் தன் தோளில் போட்டு மூடிக்கொண்டார்.

எனக்கு அந்தத் துண்டைத் தெரியும். போன வருஷம் அதே இடத்தில் நானே போட்டுக்கொண்ட துண்டு. ஒரு வருஷமாக உடம்பை முறித்து நான் செய்தது இதுதானா? என் வெட்கத்தை அறுபதை எட்டப்போகிற ஒரு மனுஷரின் தோளில் இறக்கி வைத்துவிட்டேன். அவராவது நைனா கேட்டுக்கொண்டதற்காக, அன்போடு தூக்கினார். நான் கடனைத் தீர்க்கிற வீறாப்பில் தூக்கினேன். குதித்துக்கொண்டிருந்த கால்கள் நின்றுவிட்டன.

திரும்பும்போது அவரும் நைனாவும் ஒரே வண்டியில் உட்கார்ந்தார்கள். நைனா அன்றைக்கு யாரிடமும் பிள்ளைப் பெருமை பேசவில்லை. கூட்டாளியின் துண்டைப் பார்த்தவர், மாட்டுக்குத் தண்ணீர் காட்டியாயிற்றா என்று வண்டிக்காரரிடம் கேட்டார். எனக்கும் வண்டியில் இடம் இருந்தது. ஏறி எதிரில் உட்கார முகம் இல்லாமல் வண்டிக்குப் பின்னால் நடந்தே வந்தேன். தோள் எரிந்துகொண்டே வந்தது.

மறுநாள் செங்கல்பட்டில் வழக்கம்போல விடியலில் எழுந்தேன். "அதான் தூக்கிட்டீங்களே, இன்னும் எதுக்கு?" என்றாள் மனைவி. முற்றத்துக்குப் போனேன். தோள் வலியில் தண்டால் எடுக்க முடியவில்லை. பஸ்கி மட்டும் எடுத்துவிட்டு வந்து, சும்மாட்டை அவள் மடியில் வைத்து, தையலைப் பிரித்துக் கொஞ்சம் குறைக்கச் சொன்னேன். ஊசியை எடுத்துக்கொண்டே எவ்வளவு குறைக்க வேண்டும் என்று கேட்டாள்.

"பெரிப்பாவுக்கும் எரியணும்" என்றேன். "அவ்ளோ."